மெஷின் பழசு, குற்றம் அதனுடையது அல்ல

கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினுக்குப் பதினைந்து இருபது வயது ஆகிவிட்டால் அதைத் தள்ளிவிட்டுப் புதிது எடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது தொழில் வட்டாரத்தில் இன்று பெரும்பாலோர் ஒப்புக்கொண்டுவிட்ட கருத்து. சென்னை முகப்பேர் கிழக்கில் பிளவுஸ் தைக்கும் கடைகளில் இதே பேச்சு. மேற்கில் வீட்டு முன்னறையில் ஒற்றை ஹெட் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்பவர்களும், அம்பத்தூர் தொழிற்பேட்டைக் கம்பெனிகளின் யூனிஃபார்ம் சட்டைக்கு லோகோ போட்டுக் கொடுப்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். வாதம் இப்படிப் போகிறது: பழைய கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது, புது லேப்டாப்பில் பிளாப்பி போட இடமில்லை, மெஷினின் பின்பக்கக் கேபிளுக்கு ஏற்ற சாக்கெட் இல்லை, பழைய சிடியில் இருந்த சாஃப்ட்வேர் ஏறவில்லை, எனவே மெஷினின் காலம் முடிந்தது.

முதல் நான்கும் உண்மை. ஐந்தாவது அவற்றிலிருந்து பிறக்கவே இல்லை. கம்ப்யூட்டர் மாறியிருக்கிறது, சாக்கெட் மாறியிருக்கிறது, விண்டோஸ் மாறியிருக்கிறது. மாறாமல் இருப்பது மெஷின் ஒன்றுதான். நேற்று மாலை தைத்த அதே தையலை இன்று காலையிலும் தைக்கக்கூடிய ஒரு பொருளை, பக்கத்து மேசையில் இருந்த வேறொரு பொருள் கெட்டுப்போனதற்காகக் காயலான் கடைக்குப் போடச் சொல்வது தொழில் அறிவுரை ஆகாது.

இந்தக் கருத்து வேரூன்றியதற்குக் காரணம், கம்ப்யூட்டர்தான் மெஷினை ஓட்டுகிறது என்ற நம்பிக்கை. பெயரிலேயே கம்ப்யூட்டர் இருப்பதால் இரண்டும் இரட்டைப் பிறவி, ஒன்று போனால் மற்றதும் போய்விடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் வணிக எம்பிராய்டரி மெஷினுக்குள் தனியாக ஒரு கன்ட்ரோல் போர்டு இருக்கிறது. ஊசியை ஏற்றி இறக்கும் முதன்மை மோட்டாரையும், ஃப்ரேமை இடம் வலமாகவும் முன் பின்னாகவும் நகர்த்தும் இரண்டு மோட்டார்களையும் அந்தப் போர்டுதான் இயக்குகிறது. வெளியிலிருந்து அதற்கு வேண்டியது டிசைன் கோப்பு ஒன்று மட்டும். கோப்பு மெஷினின் நினைவகத்துக்குள் போய்ச் சேர்ந்த பிறகு கம்ப்யூட்டரை அணைத்து மூடி வைத்துவிடலாம். தையல் நிற்காது.

அந்தக் கோப்பு எப்படிப்பட்டது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். ஜப்பானின் தாஜிமா நிறுவனத்தின் டிஎஸ்டி வடிவம் இந்தத் தொழிலின் பொது மொழி. தாஜிமா மெஷின் மட்டுமன்றி, சூரத்திலும் திருப்பூரிலும் இன்று இறங்கும் சீன மல்டிஹெட் மெஷின்களும் அதைப் படிக்கின்றன. கோப்பின் தொடக்கத்தில் 512 பைட் கொண்ட முகப்பு. அதில் டிசைனின் பெயர், தையல்களின் எண்ணிக்கை, நிறம் மாறும் இடங்களின் எண்ணிக்கை, டிசைன் நான்கு பக்கமும் எவ்வளவு தூரம் பரவுகிறது என்ற அளவு ஆகியவை சாதாரண எழுத்தில் இருக்கும். அதன் பின் ஒவ்வொரு தையலுக்கும் மூன்றே மூன்று பைட். போன தையலிலிருந்து இந்தத் தையலுக்குப் பக்கவாட்டில் எவ்வளவு, மேலே கீழே எவ்வளவு என்ற இரண்டு தூரங்களை அந்த மூன்று பைட் சொல்கின்றன. தூரத்தின் அலகு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு.

இந்தத் தூரத்தைக் குறிக்கும் முறை அழகானது, ஒரு நிமிடம் நின்று பார்க்கத் தக்கது. மளிகைக்கடைத் தராசில் 1, 3, 9, 27, 81 என்ற ஐந்து படிக்கற்களை மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டு தட்டிலும் கல்லைப் போட்டால், 1 முதல் 121 வரை எந்த எடையையும் நிறுத்துவிடலாம். டிஎஸ்டி கோப்பும் அதே கணக்கில்தான் நடக்கிறது. ஊசி 3.4 மில்லிமீட்டர் வலப்பக்கம் போக வேண்டுமானால் அது 34 அலகு. 27, 9, 1 ஒரு தட்டில், 3 எதிர்த்தட்டில். ஐந்து கற்களையும் ஒரே தட்டில் வைத்தால் 121, அதாவது 12.1 மில்லிமீட்டர். ஒரே தாவலில் ஃப்ரேம் நகரக்கூடிய அதிகபட்சத் தூரம் அவ்வளவுதான். அதற்கு மேல் போக வேண்டுமானால் தாவலை இரண்டாக, மூன்றாகப் பிரிக்க வேண்டும். இரண்டு திசைக்கும் சேர்த்து இருபது பிட், தாவலா நிறமாற்றமா என்று சொல்ல இரண்டு பிட், எப்போதும் மாறாமல் நிற்கும் இரண்டு பிட். மொத்தம் இருபத்து நான்கு, மூன்று பைட் நிறைந்துவிட்டது. நினைவகம் தங்கம் விலை விற்ற காலத்தில் பொறியாளர்கள் செதுக்கிய இந்தக் கோப்பைத்தான் இந்த ஆண்டு வெளிவந்த மெஷினும் படிக்கிறது. புது மெஷினுக்குப் போகும் தையலும் பழைய மெஷினுக்குப் போகும் தையலும் ஒன்றே. பழைய மெஷினுக்குப் புதுக் காலத்து டிசைன் புரியாது என்பவர்கள் இந்தக் கோப்பை ஒருமுறையும் திறந்து பார்த்ததில்லை.

பழைய வழிகள் மெதுவானவை, இன்றைய டிசைனைத் தாங்காது என்ற வாதமும் இந்தக் கணக்கில் உதிர்ந்துவிடும். கல்யாணப் பிளவுஸின் முதுகுப் பக்கத்துக்கு 60,000 தையல் கொண்ட அடர்த்தியான டிசைன் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றால் பெருக்கி முகப்பைச் சேர்த்தால் 1,80,512 பைட். கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதைப் போலப் பல மடங்கு. 9,600 பாட் வேகத்தில் ஓடும் பழைய சீரியல் கேபிள் ஒரு நொடிக்கு 960 பைட் கடத்தும். இந்த டிசைன் முழுதும் போய்ச் சேர மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். அதே டிசைனை நிமிடத்துக்கு 700 தையல் வேகத்தில் தைத்து முடிக்க ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். தைக்கும்போது மெஷின் நொடிக்கு 35 பைட்டைத்தான் தின்கிறது. கேபிளால் அதைப்போல இருபத்தேழு மடங்கு கொடுக்க முடியும். தாமதம் எங்கே இருக்கிறது என்றால் ஃப்ரேமில் துணியை இழுத்து மாட்டுவதில், நூல் மாற்றுவதில், அறுந்த நூலைக் கோப்பதில். இவை எதையும் யூஎஸ்பி சாக்கெட் குறைக்காது.

எனவே கேள்வி கோப்பு உள்ளே போகும் வாசலைப் பற்றியது மட்டுமே. வாசல் மெஷினுக்கு மெஷின் வேறு. பிளாப்பி, சீரியல் கேபிள், மெமரி கார்டு, நேரடி யூஎஸ்பி என்று நான்கு வகைக்குள் பெரும்பாலான பழைய மெஷின்கள் அடங்கிவிடும்.

அதிகமாகக் கைகழுவப்படுவது பிளாப்பி மெஷின். பிளாப்பி இனிக் கிடைக்காது, ஆகவே மெஷின் உதவாது என்பது அதன் மேல் சொல்லப்படும் தீர்ப்பு. பிளாப்பி அரிதாகிவிட்டது என்பது சரி. சோனி நிறுவனம் 2011 மார்ச்சில் ஜப்பானில் பிளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது. கையிருப்பில் இருப்பவையும் பூஞ்சை பிடித்தும் காந்தம் தளர்ந்தும் போய்க்கொண்டிருக்கின்றன. சென்னையின் ஈரக்காற்றும் எம்பிராய்டரி அறையின் பஞ்சுத் தூசியும் அதற்குத் துணை. ஆனால் மெஷினுக்குத் தேவை பிளாப்பி அல்ல. டிரைவிலிருந்து 34 பின் கொண்ட பட்டைக் கேபிள் வழியாகப் போர்டுக்கு வந்து சேரும் மின்துடிப்புகள்தான் அதற்குத் தேவை. அந்தத் துடிப்பு சுழலும் காந்தத் தட்டிலிருந்து வந்ததா, வேறெங்கிருந்தாவது வந்ததா என்று போர்டுக்குத் தெரியாது.

அந்தத் துடிப்பை அப்படியே உண்டாக்கிக் கொடுக்கும் கருவி பிளாப்பி எமுலேட்டர். பிளாப்பி டிரைவின் அதே அளவு, அதே திருகுத் துளைகள், அதே 34 பின், அதே 5 வோல்ட் சப்ளை. முகப்பில் மட்டும் பிளாப்பி வாய்க்குப் பதில் பென் டிரைவ் சொருகும் இடமும் எண் காட்டும் சிறு திரையும். கோட்டெக் என்ற பெயரில் விற்பவை பரவலானவை. ஒரே பென் டிரைவில் நூறு, சில மாடல்களில் ஆயிரம் பிளாப்பிகளின் பிம்பங்களை வைத்துக்கொள்ளலாம். பொத்தானை அழுத்தி எண்ணை மாற்றினால் பிளாப்பி மாற்றிய மாதிரி. இதற்கு ஆகும் செலவு சில ஆயிரம் ரூபாய். புது வணிக மெஷின் லட்சங்களில்.

எமுலேட்டர் போட்டும் ஓடவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது பொய் அல்ல, ஆனால் பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் தவறு நடக்கிறது. முதலாவது, கேபிளின் சிவப்புக் கோடு உள்ள ஓரம் ஒன்றாம் பின்னுக்குப் போக வேண்டும். திருப்பி மாட்டினால் எமுலேட்டரின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும், மெஷின் டிரைவைப் பார்க்காது. இரண்டாவது, எமுலேட்டரின் பின்புறம் எஸ்0, எஸ்1 என்று குறித்த ஜம்பர்கள். தனி டிரைவ் உள்ள எம்பிராய்டரி மெஷின் பெரும்பாலும் முதல் எண்ணைக் கேட்கும். கம்ப்யூட்டருக்கென அமைத்து வரும் எமுலேட்டர் இரண்டாவது எண்ணில் காத்திருக்கும். ஒருவர் கூப்பிட இன்னொருவர் பெயருக்குக் காத்திருந்தால் பேச்சே தொடங்காது. மூன்றாவது 34ஆம் பின். கம்ப்யூட்டர் முறையில் அது டிஸ்க் மாற்றப்பட்டதைச் சொல்லும்; பழைய ஷுகார்ட் முறையில் டிரைவ் தயார் என்று சொல்லும். மெஷின் இரண்டாவதை எதிர்பார்த்து முதலாவது வந்தால், டிஸ்க் இல்லை என்ற செய்தியோடு நின்றுவிடும். கோட்டெக்கில் ஃபிளாஷ்ஃபிளாப்பி என்ற இலவச ஃபர்ம்வேரை ஏற்றினால் இந்த முறையை ஒரு சிறு அமைப்புக் கோப்பில் ஒரே வரியில் மாற்றிக்கொள்ளலாம். கீர் ஃபிரேசர் என்பவர் எழுதிப் பொதுவில் வைத்திருக்கும் ஃபர்ம்வேர் அது.

இதோடு கொள்ளளவு என்ற பொறியும் இருக்கிறது. 1.44 எம்பி பிளாப்பிதான் எல்லோருக்கும் ஞாபகம். பல பழைய மெஷின்கள் படிப்பது 720 கேபி பிளாப்பியை. 1.44 எம்பி பிளாப்பியின் இரண்டாவது துளையை டேப் ஒட்டி மறைத்து 720 ஆக ஃபார்மட் செய்யும் வித்தை பரவலாக நடக்கிறது. காந்தப் பூச்சு வேறு என்பதால் இன்று படிக்கும், அடுத்த மாதம் படிக்காது. படிக்காத நாளில் பழி மெஷினின் டிரைவ் மேல் விழும். எமுலேட்டரிலும் 720 பிம்பம் வைக்க வேண்டிய இடத்தில் 1.44 பிம்பம் வைத்தால் இதே கதைதான். 720 கேபி குறைவாயிற்றே என்று கவலைப்படவும் தேவையில்லை: 10,000 தையல் லோகோ ஒன்று 30 கேபி, ஒரு பிளாப்பிக்குள் இருபதுக்கு மேல் அடங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை முக்கியம். சில பழைய மெஷின்கள் விண்டோஸ் அறியாத சொந்த அமைப்பில் பிளாப்பியில் எழுதியிருக்கும். அத்தகைய பிளாப்பியை யூஎஸ்பி பிளாப்பி டிரைவில் போட்டவுடன், ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்கும். சரி என்று தட்டினால் பல ஆண்டுகள் காசு கொடுத்துப் பஞ்ச்சிங் செய்து, அதாவது படத்தைத் தையல் கோப்பாக மாற்றிச் சேர்த்த டிசைன்கள் ஒரே நிமிடத்தில் போய்விடும். பிளாப்பியில் எதுவும் எழுத முடியாதபடி அதன் எழுதும் பூட்டுத் துளையைத் திறந்து வைத்துவிட்டுத்தான் அதைத் தொடவே வேண்டும். காந்தத் துடிப்பை உள்ளபடியே பிரதி எடுக்கும் கிரீஸ்வீசல் போன்ற சிறு போர்டுகள் இருக்கின்றன. பழைய சாதாரண பிளாப்பி டிரைவை அதில் இணைத்து யூஎஸ்பி வழியாகப் பிம்பம் எடுக்கலாம். யூஎஸ்பி பிளாப்பி டிரைவால் இது முடியாது, அதன் உள்ளிருக்கும் சிப்புக்குத் தெரிந்த அமைப்பைத் தாண்டி அது எதையும் படிக்காது. யூஎஸ்பி டிரைவில் படிக்கவில்லை, ஆகவே பிளாப்பி செத்துவிட்டது என்ற முடிவும் அவசர முடிவே.

சீரியல் கேபிள் மெஷினைப் பற்றிய பொதுக் கருத்து இன்னும் பலவீனமானது. ஆர்எஸ்-232 என்ற அந்த இணைப்பு வழக்கொழிந்துவிட்டது என்கிறார்கள். முகப்பேர் மேற்கிலிருந்து சாலையைக் கடந்தால் அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1960களில் தொடங்கிய அந்தப் பேட்டை போன்ற இடங்களில், ஃபானுக் கன்ட்ரோலர் பூட்டிய பழைய சிஎன்சி லேத்துகளுக்கும் மில்லிங் மெஷின்களுக்கும் லேப்டாப்பிலிருந்து இதே கேபிளில்தான் புரோகிராம் போகிறது. அங்கே யாரும் லேத்தை எடைக்குப் போடச் சொல்வதில்லை. இரும்பு கடையும் மெஷினுக்குச் செல்லுபடியாகும் கேபிள் துணி தைக்கும் மெஷினுக்கு மட்டும் எப்படிக் காலாவதியாகும்? பிளவுஸ் கடைக்காரரும் சிஎன்சி ஆபரேட்டரும் ஒரே தெருவில் குடியிருந்தும் ஒருவர் பிரச்சினை இன்னொருவர் காதில் விழுவதில்லை என்பதே இதில் வருத்தம் தரும் விஷயம்.

புது லேப்டாப்பில் சீரியல் சாக்கெட் இல்லாததற்கு யூஎஸ்பி-சீரியல் மாற்றிக் கேபிள் போதும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் அது சர்வ சாதாரணம். ஆனால் எதையாவது வாங்கினால் போதாது. புரொலிஃபிக் சிப்பின் பழைய வகையும் அதன் போலிகளும் புது விண்டோஸில் ஓடாது. அந்தச் சிப் 2012இலேயே கைவிடப்பட்டது என்று டிவைஸ் மேனேஜரிலேயே செய்தி வந்து நிற்கும். 2014 அக்டோபரில் வந்த ஒரு டிரைவர் மாற்றத்தால் போலி எஃப்டிடிஐ சிப்புகள் பல செயலிழந்தன. சிப் அசலா என்று பார்த்து வாங்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. இன்னொன்று: கடையில் அதே பெயரில் கிடைக்கும் 5 வோல்ட் டிடிஎல் மாட்யூல் இதற்கு உதவாது. ஆர்எஸ்-232 கம்பியில் மின்னழுத்தம் நேர் எதிர் இரண்டு பக்கமும் 15 வோல்ட் வரை போகலாம், மாட்யூல் கருகிவிடும்.

கேபிளின் உள்ளே எந்தக் கம்பி எதற்கு என்பதும் தெரிய வேண்டும். லேப்டாப் பக்கத்து 9 பின் சாக்கெட்டில் 2ஆம் பின் வாங்கும், 3ஆம் பின் அனுப்பும், 5ஆம் பின் பூமி. மெஷின் பக்கத்து 25 பின் சாக்கெட்டில் பெரும்பாலும் 2ஆம் பின் அனுப்பும், 3ஆம் பின் வாங்கும், 7ஆம் பின் பூமி. ஒருவர் அனுப்புவது மற்றவர் வாங்கும் பின்னுக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற ஒரே விதிதான் இங்கே. மெஷின் திரையில் காட்டும் பாட் வேகம், டேட்டா பிட், பாரிட்டி, ஸ்டாப் பிட் ஆகிய நான்கும் லேப்டாப்பிலும் அப்படியே இருக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு பிழை வரும், அதைத்தான் மெஷின் கெட்டுவிட்டதற்கு அத்தாட்சியாகக் காட்டுகிறார்கள். டிசைன் ஒழுங்காகத் தொடங்கும். இதழ் ஒன்று, இலை ஒன்று சரியாக விழும். திடீரென்று ஊசி எங்கோ தாவிக் குறுக்கும் நெடுக்குமாகத் தைக்க ஆரம்பிக்கும். பட்டுத் துணி பாழ். பார்ப்பவருக்குப் போர்டு போய்விட்டது என்றே தோன்றும். போர்டில் ஒன்றுமில்லை. தையலுக்கு மூன்று பைட் என்ற வரிசையில் வழியில் ஒரு பைட் விழுந்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு மூன்றும் தப்பான இடத்தில் வெட்டுப்படுகிறது. வாங்கியது போதும், நிறுத்து என்று மெஷின் சொல்வதை லேப்டாப் கேட்காததுதான் காரணம். இந்தச் சைகைக்கு இரண்டு முறை உண்டு. எக்ஸ்-ஆன், எக்ஸ்-ஆஃப் முறையில் 17, 19 என்ற இரண்டு எண்கள் சைகையாகப் பயன்படுகின்றன. டிஎஸ்டி கோப்பின் தையல் பைட்டுகளுக்குள்ளேயே அந்த எண்கள் இயல்பாக வந்துவிடும் என்பதால் தையலைச் சைகை என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. தனிக் கம்பிகளில் சைகை போகும் ஹார்டுவேர் முறையை மெஷின் ஏற்றால் அதுவே பத்திரம். மூன்று கம்பி மட்டும் போட்ட மலிவுக் கேபிளில் அந்தச் சைகைக் கம்பிகளே இருக்காது. அந்தக் கேபிளை மாற்றாமல் மெஷினை மாற்றியவர்கள் உண்டு.

மெமரி கார்டு வாசல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜேனோம் மெமரி கிராஃப்ட் வரிசையில் சில பழைய மாடல்கள் கேட்கும் ஏடிஏ பிசி கார்டுக்குப் பதில் சிறு கொள்ளளவு காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டை ஓர் அடாப்டரோடு நுழைக்கலாம். அந்தக் காம்பாக்ட் ஃபிளாஷை அதற்கான இடம் உள்ள எந்த யூஎஸ்பி கார்டு ரீடரும் படிக்கும். கார்டை மெஷினிலேயே ஃபார்மட் செய்து, மெஷின் உண்டாக்கும் அடைவுக்குள்ளேயே கோப்பைப் போட வேண்டும். தனக்கென்று தனிக் கார்டும் அதை எழுதத் தனிப் பெட்டியும் வைத்திருந்த பிரதர் போன்ற மெஷின்களுக்கு அந்தப் பெட்டியே சாவி. பெட்டியைத் தொலைத்தவருக்கு வழி குறைவு.

பென் டிரைவ் ஏற்கும் சற்றுப் புதிய மெஷின்களையும் இதே கருத்து விழுங்குவது விந்தை. 64 ஜிபி பென் டிரைவைச் சொருகிவிட்டு, மெஷின் படிக்கவில்லை என்கிறார்கள். ஃபேட்16 அமைப்பு 2 ஜிபி வரைதான். அந்தக் காலத்து மெஷினுக்கு எக்ஸ்ஃபேட் என்றால் என்னவென்றே தெரியாது. சிறிய பென் டிரைவ், எட்டெழுத்துக்குள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் கோப்பின் பெயர், இடைவெளி இல்லாமல். அவ்வளவே.

கேபிளில் நேரடியாகக் கம்ப்யூட்டரோடு பேசும் சில வீட்டு யூஎஸ்பி மாடல்கள்தான் உண்மையில் கடினமானவை. அவற்றின் டிரைவர் 32 பிட் விண்டோஸுக்கு எழுதப்பட்டது, 64 பிட் விண்டோஸ் 32 பிட் டிரைவரை உள்ளே விடாது. பழைய விண்டோஸை ஒரு மெய்நிகர் கணினிக்குள் நிறுவி, இணையத்தை அடைத்து, அந்த யூஎஸ்பியை மட்டும் உள்ளே கொடுத்து ஓட்ட முடிகிறது. எல்லா மாடலுக்கும் இது பலிக்கும் என்று சொல்ல முடியாது. எதிர்த்தரப்பின் வாதம் ஓரளவு நிற்கும் இடம் இது.

மெஷினைக் காப்பாற்ற நினைப்பவர்களிடையே இன்னொரு கருத்து பரவலாக இருக்கிறது: பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டர் ஒன்றை எப்பாடு பட்டாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்பது. இரக்கமான யோசனை என்றாலும் இதுவும் தவறு. மெஷினை ஒரு கம்ப்யூட்டருக்குக் கட்டிப்போட்டதுதான் நோய். அதே கட்டை இன்னும் இறுக்குவது மருந்தாகாது. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்தது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. இருபது ஆண்டு ஓடிய எக்ஸ்பி கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் எந்த நாளிலும் நிற்கும், அன்று டிசைன்களும் அதோடு போகும். மெஷினை எந்தக் கம்ப்யூட்டரும் ஊட்டக்கூடிய நிலைக்குக் கொண்டுவருவதே நிலைத்த தீர்வு.

அந்த எக்ஸ்பி கம்ப்யூட்டரைப் பிடித்துத் தொங்குவதற்குச் சொல்லப்படும் காரணம் பஞ்ச்சிங் சாஃப்ட்வேர். பிரிண்டர் சாக்கெட்டில் சொருகும் டாங்கிள் இல்லாமல் அது திறக்காது, யூஎஸ்பி-பிரிண்டர் கேபிளில் டாங்கிள் வேலை செய்யாது. 16 பிட் நிரல் என்றால் 64 பிட் விண்டோஸில் ஏறவே ஏறாது. எல்லாம் சரி. ஆனால் மெஷினுக்கு வேண்டியது அந்த சாஃப்ட்வேர் அல்ல, அது எழுதும் கோப்பு. டிஎஸ்டி, ஜேஇஎஃப், பிஇஎஸ் ஆகிய வடிவங்களில் கோப்பு எழுதும் இங்க்ஸ்டிட்ச் இலவசமாகக் கிடைக்கிறது. இங்க்ஸ்கேப் வரைகலை நிரலோடு சேர்ந்து விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. பஞ்ச்சிங்கை வெளியே கொடுத்துச் செய்பவர்களுக்கு இதுகூட வேண்டாம். கைப்பேசிக்கே கோப்பு வந்துவிடுகிறது.

புது சாஃப்ட்வேரிலிருந்து வந்த கோப்பு பழைய மெஷினில் ஒழுங்காக ஓடவில்லை என்பதற்கு இரண்டு சான்றுகள் காட்டப்படும். நிறம் தப்பாக வருகிறது என்பது ஒன்று. டிஎஸ்டி கோப்பில் நிறமே கிடையாது, இங்கே நிறுத்தி நூலை மாற்று என்ற கட்டளை மட்டும்தான். எந்த ஊசியில் எந்த நூல் என்பதை ஆபரேட்டர்தான் டிசைன் தாளைப் பார்த்து அமைக்க வேண்டும். புது மெஷினிலும் அப்படியே. நூலை வெட்டவில்லை, பூவுக்குப் பூ நூல் தொங்குகிறது என்பது மற்றொன்று. நூலை வெட்டு என்ற தனிக் கட்டளையும் டிஎஸ்டியில் இல்லை. தொடர்ந்து இத்தனை தாவல் வந்தால் வெட்டு என்று மெஷினில் ஓர் எண் அமைந்திருக்கும். மெஷினில் மூன்று என்று இருந்து, கோப்பில் இரண்டு தாவல் மட்டும் எழுதியிருந்தால் கத்தி அசையாது. மெஷினில் எண்ணைக் குறைக்கலாம், கோப்பில் தாவலைக் கூட்டலாம். ஐந்து நிமிட வேலை.

உதிரிபாகம் கிடைக்காது என்ற அச்சுறுத்தலையும் பிரித்துப் பார்க்க வேண்டும். எம்பிராய்டரி மெஷினில் தேய்வது ஊசி, ரோட்டரி ஹூக், பாபின் கேஸ், கத்தி, பெல்ட். வணிக மெஷின்கள் பழசும் புதிதும் பெரும்பாலும் டிபிஎக்ஸ்கே5 ஊசியைத்தான் எடுக்கின்றன; நூலும் அதே 120 டெனியர் இரட்டைப் புரி. இவற்றுக்குத் தட்டுப்பாடு இல்லை. கிடைக்காமல் போவது கன்ட்ரோல் போர்டும் திரையும். அங்கும் முதலில் சாவது பெரும்பாலும் போர்டு முழுதல்ல. அமைப்புகளைக் காத்து நிற்கும் சிறு பேட்டரி கசிந்து தடங்களை அரிக்கும். சப்ளையின் கெப்பாசிட்டர் காய்ந்து போகும். இரண்டும் சால்டரிங் தெரிந்தவரால் ஆகும் வேலை.

இவ்வளவுக்குப் பிறகும் புதிது எடுப்பதே லாபம் என்ற கணக்கு சிலருக்குச் சரியாக வரும். இரவு பகல் ஓடும் மல்டிஹெட் யூனிட்டுக்கு நிமிடத்துக்கு 1,000 தையல் வேகம் காசாக மாறும். போர்டின் முதன்மைச் சிப் எரிந்து மாற்றுப் போர்டும் கிடைக்காத மெஷின், ஹூக் டைமிங் சரிசெய்தும் நிற்காமல் ஷாஃப்ட் ஆடும் மெஷின், துரு ஏறி ஃப்ரேம் தண்டவாளம் தேய்ந்த மெஷின் ஆகியவற்றை விட்டுவிடத்தான் வேண்டும். அவை தையல் வேலையில் தோற்ற மெஷின்கள். பிளாப்பி வாயில் தோற்ற மெஷினுக்கு அதே தண்டனை கொடுப்பதைத்தான் ஏற்க முடியாது.

முகப்பேர் போன்ற இடத்தில் இது வெறும் தொழில்நுட்பப் பிரச்சினையும் அல்ல. 1980களில் உலக வங்கிக் கடனுதவியோடு சிறு மனைகளாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த பகுதி இது; வீட்டோடு தொழில் என்பது அதன் பழக்கத்தில் ஊறியது. கடன் அடைந்த ஒரு மெஷின் அந்த வீட்டின் சொத்து. அதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டு மாதத் தவணைக்குள் போகும் குடும்பம் பள்ளி யூனிஃபார்ம் சீசனில் சம்பாதிப்பதை வங்கிக்குக் கட்டுகிறது. விற்பவர் சொல்லும் காரணம் கேபிள் பொருந்தவில்லை என்பதாக இருந்தால், அது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் அநீதி. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. அதற்கென எடுத்துக்கொண்ட துறைகள் வேளாண் கருவிகள், கைப்பேசி, வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் ஆகிய நான்கு. தையல் தொழில் மெஷின்கள் அந்தப் பட்டியலில் தனித் துறையாக இல்லை, இருக்க வேண்டும். சீரியல் கேபிளின் பின் வரைபடமும், பிளாப்பி அமைப்பின் விவரமும், சர்வீஸ் கையேடும் மெஷினோடு உரிமையாளருக்கு வந்துசேர வேண்டியவை.

அதுவரை, விலை பேசும் முன் செய்து பார்க்க வேண்டியவை சில. மெஷினுக்குள்ளேயே நினைவில் இருக்கும் டிசைன் ஒன்றைத் தைக்க வைக்க வேண்டும். அது சுத்தமாக விழுந்தால் மோட்டார், ஹூக், போர்டு மூன்றும் நலம், குறை வாசலில்தான். பிறகு பின்மூடியைத் திறந்து டிரைவின் மாடல் எண்ணையும், ஜம்பர் நிற்கும் இடத்தையும், கேபிளின் சிவப்புக் கோடு எந்தப் பக்கம் என்பதையும் கைப்பேசியில் படம் எடுக்க வேண்டும். திரையில் உள்ள சீரியல் அமைப்புகளையும் தாவல் எண்ணையும் ஒரு தாளில் எழுதி மெஷின் மூடியின் உட்புறம் ஒட்ட வேண்டும். பழைய பிளாப்பிகளை எழுதும் பூட்டோடு பிரதி எடுத்து இரண்டு இடத்தில் வைக்க வேண்டும். எமுலேட்டரோ கேபிளோ வாங்கக் கடைக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டியது இந்தப் படங்களும் அந்தத் தாளும்.